பணம் கட்டி "அவுட்" ஆகிறார்கள்!

அமெரிக்காவில் ஒரு வினோதமான முகாம் நடக்கிறது.

அங்கே போகிறவர்களுக்கு வயது 40, 50, 60. எழுபதைத் தாண்டியவர்களும் உண்டு. ஒருவர் பல் டாக்டராக இருப்பார். இன்னொருவர் வக்கீல். மற்றொருவர் இன்சூரன்சு ஏஜெண்டு. வீட்டில் பேரன், பேத்தி இருப்பார்கள். தலையில் முடி இருக்காது. வயிற்றில் தொப்பை இருக்கும்.

இவர்கள் ஆயிரக்கணக்கில் டாலர் கட்டுகிறார்கள். ஆபீசுக்கு ஒரு வாரம் லீவு போடுகிறார்கள். விமானம் ஏறிப் பறந்து வருகிறார்கள்.

எதற்காக?

பேஸ்பால் ஆடுவதற்காக!

யாரோடு ஆடுவதற்காக என்பதுதான் வேடிக்கை. சிறு வயதில் எந்த வீரர்களின் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்தார்களோ, அதே வீரர்களோடு ஆடுவதற்காக!

அந்த வீரர்களும் இப்போது கிழவர்கள்தான். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று 20 வருஷம், 30 வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் என்ன? பார்க்கிறவர்களின் கண்ணுக்கு அவர்கள் இன்னும் வீரர்கள்தான்.

இதற்கு "பேன்டசி கேம்ப்" என்று பெயர். "கனவு முகாம்" என்று நாம் சொல்லலாம்.

உலக்கையும் பந்தும்

பேஸ்பால் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

கிரிக்கெட்டுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஒரு கோஷ்டிக்கு 9 பேர். ஒருவர் பந்து வீசுவார். ஒருவர் அடிப்பார். கிரிக்கெட் மட்டை தட்டையாக இருக்கும். பேஸ்பால் மட்டை உருண்டையாக இருக்கும். உலக்கையைக் குட்டையாக்கி, பிடியைச் செதுக்கி வைத்தது போல் இருக்கும். பந்தும் உருண்டை. மட்டையும் உருண்டை. இரண்டும் நேருக்கு நேர் சந்திப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்!

பந்து தரையில் பட்டு எழும்பி வராது. வீசுகிறவர் கையிலிருந்து நேராகக் காற்றிலேயே வரும். வீசுகிறவருக்கும் அடிக்கிறவருக்கும் இடையே உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். பெரிய வீரர்கள் மணிக்கு 90 மைலுக்கு மேல் வேகமாக வீசுவார்கள். அந்தப் பந்து அடிக்கிறவரிடம் வந்து சேர அரை வினாடி கூட ஆகாது. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மூன்று முறை கோட்டை விட்டால் "அவுட்". பந்தை அடித்துவிட்டால் ஓட வேண்டும். மைதானத்தில் சதுரமாக நான்கு முனைகள் இருக்கின்றன. ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் 90 அடி. நான்கையும் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தால் ஒரு "ரன்". அந்தக் கடைசி முனைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "வீடு"! வீடு வந்து சேர்ந்தால்தான் கணக்கு.

இன்னொரு விஷயம். பத்துத் தடவையில் மூன்று தடவை நன்றாக அடிக்கிறவனை அந்த நாட்டில் மிகப் பெரிய ஆட்டக்காரன் என்று கொண்டாடுவார்கள். ஏழு தடவை தோற்பவன்தான் அங்கே வீரன்! இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் நடக்கும் கூத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்.

தோற்றவர் கண்ட யோசனை

இந்த முகாமை முதன்முதலில் பெரிய அளவில் தொடங்கி வைத்தவர் ராண்டி ஹண்ட்லி.

இவர் "சிகாகோ கப்ஸ்" என்னும் கோஷ்டியில் ஆடியவர். அடிக்கிறவனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்து பிடிப்பதுதான் இவருடைய வேலை. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி. ஆனால் ஆட்டம் முழுவதும் முழங்காலை மடக்கி மடக்கி உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். 1968-ம் ஆண்டில் மட்டும் இவர் 160 ஆட்டங்களில் இப்படிக் குந்தியிருந்து பந்து பிடித்தார்! முழங்கால் என்ன பாடுபட்டிருக்கும்!

கப்ஸ் கோஷ்டியின் கதை பரிதாபமானது. 1908-ல் சாம்பியன் பட்டம் பெற்றார்கள். அதற்கு அடுத்த பட்டம் எப்போது தெரியுமா? 2016-ல்! இடையில் 108 ஆண்டுகள்! பாட்டனார் காத்திருந்து இறந்தார். தகப்பனார் காத்திருந்து இறந்தார். பேரன்தான் பார்த்தான்.

1969-ல் ஒரு தடவை பட்டம் கையருகே வந்தது. வசந்த காலத்தில் ஆட்டம் தொடங்கியதிலிருந்தே கப்ஸ்தான் முதல் இடம். சிகாகோ நகரமே தலைகால் தெரியாமல் ஆடியது. செப்டம்பர் மாதம் வந்தது. கோஷ்டி சரிய ஆரம்பித்தது. நியூயார்க் நகரில் "மெட்ஸ்" கோஷ்டியோடு ஓர் ஆட்டம். அடுத்து பந்தடிப்பதற்காகக் காத்து நின்றார் ரான் சாண்டோ என்ற வீரர். அவர் பக்கமாக ஒரு கறுப்புப் பூனை ஓடியது! சகுனம் பார்ப்பதில் அமெரிக்கர்களும் நமக்குக் குறைந்தவர்கள் அல்ல. அதோடு கப்ஸ் கதை முடிந்தது என்று இன்றும் பேசுகிறார்கள். கடைசியில் மெட்ஸ்தான் ஜெயித்தது. அந்த ஆண்டு உலகப் பட்டமும் அவர்களுக்கே போயிற்று.

பட்டம் பறிபோனது. ஆனால் சிகாகோ ஜனங்கள் தோற்ற அந்தக் கோஷ்டியை மறக்கவில்லை. ஜெயித்த கோஷ்டிகளைவிட அதிகமாக நேசித்தார்கள்.

ஹண்ட்லி 1977-ல் ஆட்டத்தை விட்டார். 1983 ஜனவரியில், அரிசோனா மாநிலத்தில் உள்ள ஸ்காட்ஸ்டேல் என்ற ஊரில் முகாம் போட்டார். தன்னோடு 1969-ல் ஆடிய பழைய தோழர்களைக் கூப்பிட்டார். "இவர்களோடு ஆட விரும்புகிறவர்கள் பணம் கட்டி வரலாம்" என்று அறிவித்தார்.

வருவார்களா?

வந்தார்கள்! ஒரு வாரத்துக்கு 2,000 டாலருக்கு மேல் கட்டணம். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அப்படியும் வந்தார்கள். ராய் பிளவுண்ட் என்ற எழுத்தாளர் அந்த முகாமில் தானும் ஆடி, "ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்" பத்திரிகையில் எழுதினார். செய்தி நாடெங்கும் பரவியது.

மற்றக் கோஷ்டிகள் சும்மா இருக்குமா? பல கோஷ்டிகளின் பெயரிலும் முகாம்கள் முளைத்தன. பிற்காலத்தில் பல முகாம்களில் கட்டணம் 4,000 டாலர், 5,000 டாலர் என்று உயர்ந்தது.

முகாம்கள் பெரும்பாலும் ஜனவரி மாதத்தில்தான் நடக்கும். அதற்குக் காரணம் உண்டு. அப்போது சிகாகோ, நியூயார்க், டெட்ராய்ட் போன்ற வடக்கு நகரங்களில் பனி கொட்டும். வெளியே தலை காட்ட முடியாது. தெற்கே அரிசோனாவிலும் புளோரிடாவிலும் இதமான வெயில் அடிக்கும். பெரிய கோஷ்டிகள் பயிற்சிக்காக அங்கே மைதானங்கள் வைத்திருக்கின்றன. பிப்ரவரியில்தான் வீரர்கள் வருவார்கள். ஜனவரியில் மைதானம் காலி. புல் வெட்டித் தயாராக இருக்கும். அந்த மைதானத்தில்தான் நம் பல் டாக்டர் இறங்குகிறார்!

சட்டையில் எழுதிய பெயர்

முகாமில் மிக முக்கியமான நிமிடம் எது? பந்தை அடிக்கும் நிமிடம் அல்ல. அதற்கு முந்தியே அது வந்துவிடுகிறது.

முதல் நாள் உடை மாற்றும் அறைக்குள் போகிறார்கள். அது பெரிய வீரர்கள் உடை மாற்றும் அதே அறை. சுவர் ஓரமாக வரிசையாக அலமாரிகள். ஒவ்வோர் அலமாரிக்கு மேலும் ஒரு பெயர்ப் பலகை. அதில் இவருடைய பெயர்! உள்ளே ஓர் ஆட்டச் சட்டை தொங்குகிறது. முதுகில் ஓர் எண். எண்ணுக்கு மேலே மறுபடியும் இவருடைய பெயர்!

அந்தச் சட்டையைத் தொட்டவுடன் கண் கலங்கிவிடுகிறவர்கள் பலர். நேற்று வரை கோர்ட்டில் எதிர்க்கட்சிக்காரரை உருட்டி மிரட்டிய வக்கீல், இங்கே சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்.

இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பத்து வயதில் ஒரு பையன் ரேடியோப் பெட்டியோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டு ஆட்ட வர்ணனை கேட்கிறான். பெரியவன் ஆனதும் அந்தச் சட்டையைப் போடுவேன் என்கிறான். பதினைந்து வயதில் பள்ளிக்கூடக் கோஷ்டியில் இடம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். பிறகு படிப்பு, வேலை, கல்யாணம், வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்புச் செலவு. நாற்பது வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பையனுக்குக் கிடைக்காத சட்டை, அந்தக் கிழவருக்குக் கிடைக்கிறது. பணம் கொடுத்து வாங்கியதுதான். இருந்தால் என்ன?

பணத்தைத் தானே கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஐம்பதாவது பிறந்த நாளுக்கு மனைவி சேர்த்து வைத்த பணத்தில் வருகிறவர்களும் உண்டு. தகப்பனாரும் மகனும் ஜோடியாக வந்து ஒரே கோஷ்டியில் ஆடுவதும் நடக்கிறது. இது ஆண்களின் பைத்தியம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சில முகாம்களில் பெண்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். 2017 ஜனவரியில் நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டி, புளோரிடாவில் தம்பா நகரில், பெண்களுக்கென்றே தனி முகாம் நடத்தியது.

மாடு பிடிப்பது போல்...

முதல் நாள் எல்லோரையும் ஓட விட்டு, பந்து வீச விட்டு, அடிக்க விட்டுப் பார்க்கிறார்கள். பழைய வீரர்கள் கையில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிறார்கள். சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு பார்வை!

அன்று இரவு அவர்கள் கூடி, ஆளுக்கு ஒருவராகப் பொறுக்கி எடுத்து, கோஷ்டிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கோஷ்டிக்கும் இரண்டு பழைய வீரர்கள் மானேஜர்கள். யாரை முதலில் எடுத்தார்கள், யாரைக் கடைசியில் எடுத்தார்கள் என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள். அது ஒரு தர்மம்.

மறுநாளிலிருந்து காலையில் ஓர் ஆட்டம், மாலையில் ஓர் ஆட்டம். நிஜ அம்பயர். நிஜ மைதானம். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

ஆட்டம் எப்படி இருக்கும்?

அடிக்கிறவர் மட்டையைச் சுழற்றுவார். பந்து போய்ச் சேர்ந்த பிறகு மட்டை வரும். உயரமாக எழும்பிய பந்தைப் பிடிக்க மூன்று பேர் ஓடுவார்கள். "நீ பிடி", "நீ பிடி" என்று மூவரும் நின்றுவிடுவார்கள். பந்து நடுவில் விழும். ஒருவர் அடித்துவிட்டு முதல் முனைக்கு ஓடுவார். மனம் போய்ச் சேர்ந்துவிடும். கால் பின்னால் வந்துகொண்டிருக்கும்!

சில விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்கள். கோஷ்டியில் உள்ள எல்லோருக்கும் அடிக்க வாய்ப்பு உண்டு. ஓட முடியாதவர்களுக்குப் பதிலாக வேறொருவர் ஓடலாம். ஆனால் "அவுட்" என்றால் அவுட்தான். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. கிழவர்களுக்கும் அதுதான் வேண்டும். "பாவம்" என்று யாரும் விட்டுக்கொடுத்துவிட்டால், அப்புறம் அது ஆட்டமா?

ஐஸ்கட்டி அறை

முதல் நாள் மாலையிலேயே ஓர் அறையின் வாசலில் நீண்ட கியூ நிற்கும். அது சாப்பாட்டு அறை அல்ல. வைத்திய அறை!

அங்கே வாளி வாளியாக ஐஸ்கட்டி. சுருள் சுருளாக ஒட்டுத் துணி. வலி மாத்திரைகள். பெரிய வீரர்களுக்குத் தசை பிடித்துவிடும் அதே வைத்தியர்கள் இவர்களுக்கும் பிடித்து விடுகிறார்கள்.

அதிகமாகப் பாதிக்கப்படுவது தொடையின் பின்பக்கச் சதை. இதற்குக் காரணம் எளிது. மனிதன் முப்பது வயதுக்கு மேல் நடக்கிறான், படி ஏறுகிறான். ஆனால் நின்ற இடத்திலிருந்து திடீரென்று முழு வேகத்தில் ஓடுவது கிடையாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடினால்தான் உண்டு. பேஸ்பாலிலோ பந்தை அடித்த அந்த நொடியில் பாய வேண்டும். பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த சதை, "என்னை யார் எழுப்பியது?" என்று சுருண்டு பிடித்துக்கொள்கிறது. அடுத்தது தோள்பட்டை. பந்தை வேகமாக எறிந்து பழக்கம் விட்டுப்போன தோள், நூறு தடவை எறிந்தால் மறுநாள் சட்டை மாட்டக்கூட மேலே எழாது.

எனவேதான், முகாமுக்கு வருமுன் சில மாதங்கள் உடற்பயிற்சி செய்துவிட்டு வாருங்கள், டாக்டரிடம் இருதயத்தைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்கிறார்கள். கேட்கிறவர்கள் கொஞ்சம். மூன்றாம் நாள் பார்த்தால் பாதிப் பேர் நொண்டிக்கொண்டு இருப்பார்கள். ஆனால் ஆட்டத்துக்கு வராமல் படுத்துக்கொள்கிறவர் மிகக் குறைவு. காலில் கட்டு, தோளில் கட்டு, வாயில் சிரிப்பு!

பொய்முடி ஜட்ஜு

இந்த முகாம்களில் ஒரு பொய்க் கோர்ட்டும் உண்டு. "கங்காரு கோர்ட்டு" என்று இதைச் சொல்வார்கள். பெரிய கோஷ்டிகளிலும் நடக்கும் பழைய விளையாட்டு இது.

பழைய வீரர் ஒருவர் பொய்முடி மாட்டிக்கொண்டு ஜட்ஜாக உட்காருவார். அன்றைக்கு மைதானத்தில் யார் யார் என்னென்ன அசட்டுத்தனம் செய்தார்கள் என்று மற்றவர்கள் புகார் சொல்வார்கள். ஒருவர் ஆட்டத்தின் நடுவே போன் பேசினார். அபராதம்! ஒருவர் தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தார். அபராதம்! ஒருவர் இரண்டாம் முனைக்குப் போகும் வழியில் இடறி விழுந்தார். மைதானத்தைச் சேதப்படுத்திய குற்றம். அபராதம்!

வக்கீல் எழுந்து வாதாடினால் அபராதம் இரட்டிப்பாகும். ஒரு டாலர், இரண்டு டாலர் என்று வசூலாகும் பணம் பெரும்பாலும் தர்ம காரியத்துக்குப் போகும்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் கோர்ட்டில் ஒரு நன்மை இருக்கிறது. பகலில் நாலு பேர் முன்னால் பந்தைத் தவறவிட்ட மனிதர், ராத்திரி அதை நினைத்துத் தூங்காமல் புரள்வார். கோர்ட்டில் அதைச் சொல்லி எல்லோரும் ஒன்றாகச் சிரித்துவிட்டால் பாரம் இறங்கிவிடுகிறது. உலகப் பட்டம் வாங்கிய வீரர், "நானும் ஒரு நாள் ஐம்பதாயிரம் பேர் முன்னால் இப்படித்தான் விட்டேன்" என்கிற மாதிரி ஒரு கதை சொல்வார். அந்தக் கதைகளைக் கேட்பதற்கே கட்டணம் தகும் என்கிறார்கள்.

குழி வெட்டிய வீரர்

சரி, பணம் கட்டி வருகிறவர்களின் ஆசை புரிகிறது. பழைய வீரர்கள் ஏன் வருகிறார்கள்? அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

முதல் காரணம், பணம்.

பேஸ்பால் வீரர் என்றால் கோடீசுவரர் என்று இன்று நினைக்கிறோம். இன்று அது உண்மை. பெரிய கோஷ்டியில் சேரும் புது ஆளுக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2024-ல் 7 லட்சத்து 40 ஆயிரம் டாலர். ஆனால் 1967-ல் அது வெறும் 6,000 டாலர்தான்! சராசரிச் சம்பளமே 19,000 டாலர். ஒரு கோஷ்டியில் சேர்ந்துவிட்டால் முதலாளி விடுகிற வரை அங்கேயே கிடக்க வேண்டும். இஷ்டப்பட்ட கோஷ்டிக்குப் போக முடியாது. அந்தக் கட்டு 1975, 1976-ல்தான் உடைந்தது.

அதனால் குளிர்காலத்தில் ஆட்டம் இல்லாத மாதங்களில் வீரர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். யோகி பெர்ரா, பில் ரிசூட்டோ இருவரும் உலகப் பட்டம் வென்ற யாங்கீஸ் வீரர்கள். ஒரு குளிர்காலத்தில் இருவரும் ஆயத்த ஆடைக் கடையில் விற்பனையாளர்களாக வேலை பார்த்தார்கள்! பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கோஷ்டியில் ஆடிய ரிச்சி ஹெப்னர் கதை இன்னும் விசேஷம். அவருடைய கோஷ்டி 1971-ல் உலகப் பட்டம் வென்றது. அவர் குளிர்காலத்தில் பார்த்த வேலை, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவது! அவருடைய தகப்பனார் கவனித்து வந்த கல்லறைத் தோட்டம் அது.

பென்ஷன் விஷயம் இதைவிடக் கசப்பு. 1980-க்கு முன்பு, குறைந்தது 4 ஆண்டு பெரிய கோஷ்டியில் ஆடினால்தான் பென்ஷன். மூன்றரை ஆண்டு ஆடி, தோள் முறிந்து வீட்டுக்குப் போனவனுக்கு ஒன்றும் கிடையாது. 1980-ல் விதியை மாற்றினார்கள். 43 நாள் கோஷ்டியில் இருந்தாலே பென்ஷன் என்றார்கள். ஆனால் பழைய ஆட்களுக்கு அது பொருந்தாது என்று விட்டுவிட்டார்கள்! 2011-ல்தான் அவர்களுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை தர ஒப்புக்கொண்டார்கள். அப்போது அதிகபட்சம் 10,000 டாலர். அதுவும் ஆடியவர் இருக்கும் வரைதான். அவர் இறந்துவிட்டால் மனைவிக்குக் கிடையாது.

ஆகவே, ஒரு வாரம் முகாமுக்கு வந்தால் கிடைக்கும் சம்பளம் பலருக்கு அவசியமாகவே இருந்தது.

ஆனால் அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது.

வேலிக்கு வெளியே மேன்டில்

மிக்கி மேன்டில் என்று ஒரு வீரர். நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டிக்காக ஆடியவர். 536 தடவை பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பியவர். ஒரு காலத்தில் அமெரிக்கச் சிறுவர்களில் பாதிப் பேர் மேன்டிலாகத் தங்களை நினைத்துக்கொண்டு தெருவில் ஆடினார்கள். முழங்கால் வலியோடேயே ஆடி, 1969-ல் ஓய்வு பெற்றார். 1980-களில் தன் பழைய தோழர் ஒயிட்டி போர்டோடு சேர்ந்து, புளோரிடாவில் போர்ட் லாடர்டேல் என்ற ஊரில் கனவு முகாம் நடத்தினார்.

முகாமுக்கு வந்தவர்கள் தாங்கள் கண்ட கனவைத் தேடி வந்தார்கள். ஆனால் மேன்டிலும் ஒரு கனவு கண்டுகொண்டிருந்தார். தன் வாழ்க்கை வரலாற்றில் அதை எழுதியிருக்கிறார்.

கனவில் அவர் ஆட்டச் சட்டையோடு வாடகைக் காரில் மைதானத்துக்கு வருகிறார். நேரமாகிவிட்டது. வாசல் பூட்டியிருக்கிறது. காவல்காரன் உள்ளே விட மறுக்கிறான். உள்ளே ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள். வேலியில் ஓர் ஓட்டை தெரிகிறது. அதன் வழியாக நுழையப் பார்க்கிறார். பாதி உடம்பு மாட்டிக்கொள்கிறது. உள்ளே தோழர்கள் ஆடுவது தெரிகிறது. போக முடியவில்லை. வியர்த்துக் கொட்டி விழித்துக்கொள்கிறார்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கனவு அவருக்குத் திரும்பத் திரும்ப வந்ததாம். ஆட்டத்தை விட்டபோது அவருக்கு வயது 37. அதற்குப் பிறகு குடி அவரை விழுங்கியது. 1995-ல் கல்லீரல் கெட்டு, 63 வயதில் இறந்தார்.

வெளியே இருந்த பல் டாக்டர் உள்ளே போகக் கனவு கண்டார். உள்ளே இருந்த மேன்டில் வெளியே நிறுத்தப்பட்டதாகக் கனவு கண்டார். முகாமில் ஒரு வாரத்துக்கு இருவருக்கும் வாசல் திறந்திருந்தது.

சர்க்கரை வியாதியோடு ஆடியவர்

கறுப்புப் பூனையைப் பார்த்த ரான் சாண்டோவை நினைவிருக்கிறதா? அவரும் ஹண்ட்லியின் முகாம்களுக்கு வந்தவர். அவருக்கு 18 வயதிலேயே சர்க்கரை வியாதி. அந்தக் காலத்தில் இப்போது உள்ள மாதிரி விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் கருவி கிடையாது. வெளியே தெரிந்தால் கோஷ்டியிலிருந்து தள்ளிவிடுவார்களோ என்று பயந்தார். பல வருஷம் ஜனங்களிடம் மறைத்து வைத்தார். தனக்குத் தானே இன்சுலின் போட்டுக்கொண்டு ஆடினார். சர்க்கரை திடீரென்று இறங்கினால் மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார்.

1971 ஆகஸ்டு மாதம், மைதானத்தில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். அன்றுதான் வியாதியை எல்லோருக்கும் சொன்னார். மொத்தம் 342 தடவை பந்தை வெளியே அடித்திருக்கிறார். பிற்காலத்தில் கப்ஸ் ஆட்டங்களுக்கு ரேடியோ வர்ணனை சொன்னார். 2001-ல் ஒரு கால் போயிற்று. 2002-ல் இன்னொரு காலும் போயிற்று. செயற்கைக் கால்களோடு வந்து வர்ணனை சொன்னார்.

சிறந்த வீரர்களுக்கென்று அமெரிக்காவில் ஒரு கௌரவ மண்டபம் இருக்கிறது. அதில் தன் பெயர் வர வேண்டும் என்று சாண்டோ ஏங்கினார். ஒவ்வொரு தடவையும் ஓட்டெடுப்பில் தோற்றார். 2010 டிசம்பரில் இறந்தார். 2011 டிசம்பரில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்! ஒரு வருஷம் முந்தியிருக்கக் கூடாதா?

இப்படிப்பட்ட மனிதரின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் கையால் மட்டை பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் சிகாகோவில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் கட்டிய பணத்தைப் பற்றி யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

கடைசி நாள்

வாரக் கடைசியில் பெரிய ஆட்டம். இதுவரை மானேஜர்களாக இருந்த பழைய வீரர்கள் எல்லோரும் ஒரு கோஷ்டி. பணம் கட்டி வந்தவர்கள் எதிர்க் கோஷ்டி. குடும்பத்தார் ஊரிலிருந்து வந்து பார்க்கிறார்கள். பேரப் பிள்ளைகள் தாத்தாவின் பெயர் எழுதிய அட்டைகளைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

முடிவு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கிழ வீரர்கள்தான் ஜெயிப்பார்கள். முழங்கால் போனாலும் கைப்பழக்கம் போகாது. பந்து வீசும் பழைய வீரர் முதலில் மெதுவாகத்தான் வீசுவார். அடிக்கிறவர் கொஞ்சம் தைரியமாக நிற்பதைப் பார்த்தால், குறும்பு வந்துவிடும். நேராக வருவது போல் வந்து, கடைசி நொடியில் வளைந்து கீழே இறங்கும் பந்து ஒன்றை வீசுவார். அடிக்கிறவர் சுழன்று விழுவார். மைதானமே சிரிக்கும். விழுந்தவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பார். பெரிய வீரர்களை ஏமாற்றிய அதே பந்து தன்னையும் ஏமாற்றிவிட்டதே! இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

எப்போதாவது ஒருவர் அடித்தும் விடுவார். பந்து இரண்டு பேருக்கு நடுவில் உருண்டு ஓடும். நொண்டிக்கொண்டே முதல் முனையில் போய் நிற்பார். பந்து வீசிய பழைய வீரர் தொப்பியைத் தொட்டுக் காட்டுவார். அந்தப் பந்தைத் தேடி எடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்.

இரவில் விருந்து. கோப்பைகள், பரிசுகள். ஒவ்வொருவருக்கும் அவருடைய படத்தைப் போட்டு, பெரிய வீரர்களுக்கு அச்சடிப்பது போலவே ஒரு வண்ண அட்டை அச்சடித்துத் தருகிறார்கள். அந்த அட்டையைக் கட்டுக் கட்டாக வாங்கிக்கொண்டு போய் ஆபீசில் எல்லோருக்கும் கொடுப்பார்களாம்.

ஹண்ட்லியோடு 1969-ல் ஆடியவர்களில் சாண்டோ இல்லை. 512 தடவை பந்தை வெளியே அடித்தும் உலகப் பட்டத்துக்கான ஆட்டத்தில் ஒரு தடவைகூட ஆடக் கொடுத்து வைக்காத எர்னி பேங்க்ஸ், 2015 ஜனவரியில் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான் கப்ஸ் பட்டம் வாங்கியது. இப்போது முகாம்களுக்கு வீரர்களாக வருகிறவர்கள், 1980-களிலும் 1990-களிலும் அதற்குப் பிறகும் ஆடியவர்கள். பணம் கட்டி வருகிறவர்களும் மாறிவிட்டார்கள். ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் போய், டெலிவிஷன் பார்த்து வளர்ந்தவர்கள் வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை விமான நிலையத்தில் இவர்களைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். முழங்காலில் ஐஸ் பை கட்டியிருக்கும். தலையில் கோஷ்டியின் தொப்பி இருக்கும். அவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த ஜனவரிக்கான முன்பணத்தை ஏற்கெனவே கட்டியிருப்பார்கள்.